சிவப்பு அட்டைக் கை

நாலு பேருக்குத் தெரிந்த ஆள் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஊரில் அண்ணாந்து பார்க்காத ஆளே கிடையாது. இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே மஞ்சள் நிறக் கிரேன், கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் அவர். எல்லாரும் கிரேனைப் பார்த்தார்கள். உள்ளே ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பானே, அவனுக்கு முதுகு வலிக்காதா என்று நினைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக இதே தொழில். வேலையிடத்தில் அவர் பெயர் கிரேன்காரர்.

காலை ஐந்தரைக்கு ஏணியில் கால் வைத்தால் கூண்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். முதல் நூறு படிக்குக் கீழே பேசுகிறவர்களின் குரல் கூடவே வரும். அப்புறம் சத்தம் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் காற்றும் அவரும்தான். பனி விழும் நாட்களில் ஊரே தெரியாது. வெள்ளையாய் ஒரு பரப்பு, அதில் அங்கங்கே தண்ணீர்த் தொட்டிகளின் தலை மட்டும் மிதக்கும். வெயில் ஏற ஏறத் தெருக்கள் கரையேறி வரும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்து டீ குடிப்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே சம்பளம் இல்லாமல்கூட ஏறலாம் என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மேலேயிருந்து பார்த்தால் மனுஷர்களுக்குக் கை கால் கிடையாது. எல்லாரும் வட்டம். மேனேஜர் வெள்ளை வட்டம், கம்பி கட்டுகிறவர்கள் நீல வட்டம். கீழேயிருந்து சைகை காட்டும் ஆள் எந்நேரமும் விசிலும் வாயுமாக இருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினால் வட்டத்துக்குள் பளபளவென்று இன்னொரு வட்டம் தெரியும். விசில் வலது கையில் சிவப்புக் கையுறை போட்டிருப்பார். ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. சிவப்புக் கையை நேராக உயர்த்தினால் நில். தூக்கவும் இறக்கவும் விசில் ஒருவர்தான் சொல்லலாம். ஆனால் 'நில்' மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும். கூண்டுக்குள் கண்ணுக்கு நேரே அதை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இவருடைய வீடு ஐந்து தெரு தள்ளி, நாலு மாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில். வீட்டில் மனைவி, நாலு வயது மகள். மகளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது அவர்தான். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணிக்குள் அவ்வளவு சின்னதாக இருந்தாள். பட்டாணி கண் விழிப்பதற்குள் அவர் கிளம்பிவிடுவார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் தூங்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஓவர்டைமில் போகும், மீதிப் பாதியில் அவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். இதில் யாரைக் குறை சொல்ல? வாடகை ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம்.

பேசத் தொடங்கிய நாளிலிருந்து குழந்தை எழுந்ததும் "அப்பா?" என்று கேட்கும். மனைவி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் கை நீட்டுவாள்.

"அதோ பாரு, அப்பா!"

அவள் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

மனைவிக்குக் காலை நேரத்தில் செருப்புக் கடையில் வேலை. காலி டப்பாக்களை அள்ளிக்கொண்டு வருவாள். மதியம் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் மகளும் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார்கள். மைதாவைக் காய்ச்சிப் பசை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி நிறத்தில் தோய்த்து ஒற்றினால் பூ. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டினால் நிலா. உறிஞ்சுகுழலால் ஊதினால் மை தானே ஓடி மரக்கிளையாகப் பிரியும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். இந்த வீட்டில் ஒரு வித்தியாசம், செய்வது எதுவானாலும் பெரிதாக இருக்க வேண்டும். அப்பா மேலேயிருந்து பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் பட்டாணியின் மீன் பத்தடி நீளம். பத்துச் செய்தித்தாளை ஒட்டி, செதிலுக்குப் பாட்டில் மூடிகள். பழைய படுக்கை விரிப்பில், உள்ளங்காலை நீலத்தில் தோய்த்துப் பதித்து ஒரு கடல். கடல் காய்வதற்குள் அதில் நடந்துவிட்டு அவள் வீடு முழுக்க நடந்ததில், சமையலறைவரை நீலப் பாதம். அதை அழிக்க மனைவிக்கு மனசு வரவில்லை.

செய்ததை மறுநாள் மதியம் மொட்டைமாடியில் விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில் கிரேன்காரர் தேடிப் பார்ப்பார். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக, வெறும் கொக்கியை இரண்டு முறை இறக்கி ஏற்றுவார். வீட்டுக்குப் போனதும் தாழ்ந்த குரலில் விமர்சனம் நடக்கும்.

"மீன் பிரமாதம். வால் மட்டும் மடிஞ்சிருந்துச்சு."

"காத்துங்க. நாளைக்கு வாலுக்கும் ஒரு கல்லு வைக்கிறோம்."

மறுநாள் காலையில் அது பட்டாணிக்குப் போய்ச் சேரும். "அப்பா மீனைப் பார்த்தாராம் கண்ணு. வால் மடிஞ்சிருந்துச்சாம்." பட்டாணி மஞ்சள் கிரேனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வாள். சரி, பார்த்திருக்கிறது.

சிவப்புக் கை வந்தது அப்புறம்தான். சைகைகள் எல்லாம் மனைவிக்கு அத்துப்படி. கல்யாணமான புதிதில் சினிமா பார்த்த நேரத்தைவிட இவர் சைகை சொல்லிக்கொடுத்த நேரம்தான் அதிகம். அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டையில் பட்டாணி கோடு போட, அம்மா வெட்ட, மூன்றடிக் கை ஒன்று உருவானது. அதற்கு ஆறு விரல். எண்ணிப் பார்த்தும் பட்டாணிக்கு அது சரியாகவே பட்டது. சிவப்படித்து, ஒட்டடைக் குச்சியின் கழியில் கட்டியாயிற்று.

அன்றைக்கு மூன்று மணி. ஒரு டன் கம்பிக் கட்டு பதினைந்தாவது மாடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மேற்குப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் சிவப்பாக ஏதோ உயர்ந்தது. கிரேன்காரர் யோசிக்கவே இல்லை. அவர் கைகள் லீவரை நிறுத்திவிட்டன. கம்பிக் கட்டு நடுவானில் நின்றது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"

"நில்லுன்னு கை காட்டினாங்கப்பா."

"நான் காட்டவே இல்லையே!"

"நீ இல்ல, விசிலு. மேற்கால, அஞ்சாவது தெரு, மொட்டைமாடி."

சாயங்காலம் இன்ஜினியர் கூப்பிட்டுக் காய்ச்சு காய்ச்சு என்று காய்ச்சினார். கடைசியில் கிரேன்காரர் கேட்டார்: "யாரு காட்டினாலும் நிறுத்தணும்னு நீங்கதானே சார் ஒட்டி வச்சிருக்கீங்க?" இன்ஜினியர் போகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிவப்புக் கைக்குச் சாப்பாட்டு இடைவேளை மட்டும்தான் நேரம் என்று வீட்டில் சட்டம் வந்தது. அந்த நேரத்தில் பட்டாணி கை காட்டினால் அவர் வெறும் கிரேனைத் திருப்புவார், நிறுத்துவார், மறுபடி திருப்புவார். ஊரிலேயே பெரிய பொம்மை அவளுடையதாகிவிட்டது.

இவ்வளவும் நடந்து, அவருக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. மகளோடு தினம் பேசுகிறோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார். பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாகப் பத்து மணிக்கே எழுந்துவிட்டார். துணி காயப்போட மனைவி மேலே போக, அவரும் பட்டாணியும் பின்னாலேயே போனார்கள். காற்று நன்றாக வீசியது. தூரத்தில் ஆளில்லாத கிரேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

இது கிரேன்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம். வேலை முடிந்து இறங்கும்போது திருப்பும் பிரேக்கை விடுவித்துவிட்டு வர வேண்டும். அதன் நீளக் கை காற்று போகிற பக்கம் போய்க்கொள்ளும். பிடித்து நிறுத்தி வைத்தால், பெருங்காற்றில் மொத்தக் கிரேனும் சாய்ந்துவிடும்.

பட்டாணி சுவரோரம் ஓடிப்போய்க் குதித்தாள். "அப்பா! அப்பா! இங்க பாருங்க!" என்று கிரேனைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"பட்டாணி, நான் இங்க இருக்கேன்டா கண்ணு."

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மரியாதைச் சிரிப்பு. பிறகு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து ரகசியமாகக் கேட்டாள்: "இவங்க எப்பம்மா கிளம்புவாங்க?"

மனைவி கையிலிருந்த ஈரத்துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கிரேன்காரர் கீழே இறங்கிப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"நான்தாங்க தப்பு பண்ணிட்டேன். தினம் அதைக் காட்டி அப்பா அப்பான்னு சொன்னேன்ல?" என்றாள் மனைவி.

"நீ என்ன பண்ணுவ? காட்டுறதுக்கு அதுதானே இருந்துச்சு."

இதோடு போயிருந்தால் காலப்போக்கில் சரியாகியிருக்கும். ஆனால் அவர் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கட்டட வேலை முடிகிறது. சனிக்கிழமையோடு கிரேனுக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை கழற்றப் போகிறார்கள். முதலில் கையைத் துண்டு துண்டாக, பிறகு கூண்டை, பிறகு உடம்பை. லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அடுத்த வேலை பக்கத்திலேயே, ஐந்து மாடிதான், எட்டு மணி நேரம்தான். எல்லாம் நல்ல சேதி. மனைவி கேட்ட ஒரு கேள்வியில் நல்ல சேதி எல்லாம் கசந்துபோனது.

"அவ அப்பாவைக் கழட்டுறாங்கன்னு நினைச்சுக்க மாட்டாளா? ரெண்டு நாள் என் தங்கச்சி வீட்ல விட்டுறலாமா?"

"திரும்பி வரும்போது அப்பாவையே காணோமேன்னு தேடுவாளே. அதுக்கு என்ன சொல்லுவ?"

ஆறு நாள். அதற்குள் அவர் கிரேனிலிருந்து இறங்கியாக வேண்டும், ஏணி வழியாக அல்ல, குழந்தையின் மனசில். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு கஷ்டமான இறக்கம் அவருக்கு வாய்த்ததில்லை.

புதன்கிழமை காற்று கைகொடுத்தது. கூண்டிலிருந்த காற்றுமானி அளவு தாண்டிப் போனதும், எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வியாழனும் அப்படியே. கிரேன்காரர் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து, செய்தித்தாள் விரித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே உலகம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. உள்ளே பசை வாசம்.

"நாம ஒரு கிரேன் செய்வோமா?" என்றார்.

பட்டாணி யோசித்தாள். "உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

டன் கணக்கில் தூக்குகிறவருக்குக் கத்தரிக்கோலின் ஓட்டையில் கட்டைவிரல் நுழையவில்லை. செருப்பு டப்பா அடித்தளம். துணிக்கடையிலிருந்து வாங்கிய அட்டைக்குழாய் தண்டு. பள்ளிக்கூட ஸ்கேல் கை. நூல்கண்டு, ஊக்கை வளைத்துக் கொக்கி, தீப்பெட்டி கூண்டு. பட்டாணி அதட்டி வேலை வாங்கினாள். "பசை இவ்ளோ வேணாம். கொஞ்சமாத் தடவுங்க. விரலைத் துடைங்க." அவர் துடைத்தார். எல்லாம் முடிந்து நிமிர்த்தி வைத்தால், கிரேன் மூக்கு குப்புற விழுந்தது. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி விழுந்தது. அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பின்பக்கம் எடை வைக்க மறந்துவிட்டார், கிரேன்காரர்! கதவுப் பூட்டை எடுத்து ஸ்கேலின் வாலில் கட்டியதும்தான் நின்றது.

கூண்டில் வைக்க ஆள் வேண்டும். பட்டாணி ஒரு வட்டம் வரைந்து வெட்டினாள்.

"இது யாரு?"

"அப்பா."

"கை, கால்?"

"மேலேர்ந்து பார்த்தா தெரியாது. வட்டமாத்தான் இருப்பாங்க," என்றாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. அவருடைய பேச்சுதான், அம்மா வழியாகப் போய் அவரிடமே திரும்பி வந்திருக்கிறது.

விளையாட்டு இப்படி. வட்டம் தீப்பெட்டிக்குள் இருந்தால் கிரேன் சொன்னபடி கேட்கும். பட்டாணி சிவப்புக் கையை உயர்த்தினால் அவர் ஸ்கேலை நிறுத்துவார். விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் நூலை இறக்குவார். கொக்கியில் ஒரு வெண்டைக்காய் ஏறி இறங்கியது, பிறகு ஒரு சாக்ஸ், பிறகு அம்மாவின் சாவிக்கொத்து. அப்புறம் அவர், "வேலை முடிஞ்சுது" என்று வட்டத்தை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப ஊது பார்க்கலாம்."

பட்டாணி ஊதினாள். ஸ்கேல் தானே சுற்றியது. அவள் கை காட்டினாள். நிற்கவில்லை.

"பார்த்தியா? உள்ள ஆளில்லை. இப்ப அதைக் காத்து திருப்புது."

"காத்து இல்ல. நான்தானே ஊதினேன்?"

அவர் வட்டத்தை எடுத்து மறுபடி தீப்பெட்டிக்குள் வைத்தார். வியாழன் முழுக்க இதையே ஐம்பது தடவை விளையாடினார்கள். மாலையில் ஒருமுறை ஸ்கேல் சும்மா சுற்றும்போது, அவள் தானாகவே எட்டி அவர் சட்டைப் பையில் விரலை விட்டு, வட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். அவள் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். குழந்தை என்ன புரிந்துகொண்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மேலே அவருக்குக் கடைசி நாள். நாலு மணிக்குக் கடைசிச் சுமை இறங்கியது. விசில் கீழேயிருந்து கையுறையைக் கழற்றி ஆட்டினார். ஊர் முழுக்க மஞ்சள் வெயில். தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள், புறாக்களின் முதுகு. ஐந்தாவது தெருவில் இரண்டு வட்டம், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அவர் கொக்கியை இரண்டு முறை இறக்கி ஏற்றினார். பிரேக்கை விடுவித்தார். கூண்டைச் சாத்தும்போது அவருக்கு அழுகை வந்தது, அழுதார். அங்கே பார்க்க யாருமில்லை.

மனைவியிடம் காலையிலேயே சொல்லியிருந்தார், பட்டாணியை மொட்டைமாடியிலேயே வைத்திரு என்று. ஏணியை விட்டதும் மஞ்சள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஐந்து தெருவும் ஓடினார். நாலு மாடி ஏறினார். ஏறியே பிழைத்த மனுஷனுக்கு அன்றைக்கு நாலு மாடி நாற்பதாகத் தெரிந்தது.

மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. பட்டாணி அவருக்கு முதுகு காட்டி நின்றாள். தலைக்கு மேல் ஆறு விரல் சிவப்புக் கை, நேராக. தூரத்தில் கிரேன் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையை இறக்கி, மறுபடி உயர்த்தினாள். கிரேன் நிற்கவில்லை. காற்றோடு போய்க்கொண்டே இருந்தது. மனைவி அவரைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். அவர் உதட்டில் விரல் வைத்தார்.

மூன்றாவது முறையும் கை காட்டிவிட்டு, பட்டாணி சாதாரணமாகச் சொன்னாள்:

"அம்மா, அப்பா உள்ள இல்ல. காத்துதான் இருக்கு."

"அப்ப அப்பா எங்கடா?" என்றாள் மனைவி.

பட்டாணி அந்தக் கேள்வியை யோசித்தபடியே திரும்பினாள். அவர் கதவின் வாசற்படியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருந்தார். அவள் சிவப்புக் கையை உயர்த்தினாள்.

அவர் நின்றார். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். நடிப்பில்லை. யோசிக்கவும் இல்லை, கால் தானே நின்றுவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பட்டாணி அவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். கையை இறக்கினாள், அவர் காலை வைத்தார். அடுத்த அடி எடுத்தார். கை உயர்ந்தது, நின்றார். மறுபடி ஒருமுறை. மறுபடியும் நின்றார்.

அவள் திரும்பிக் கிரேனைப் பார்த்தாள். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி இவரைப் பார்த்தாள். அட்டைக் கையை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, கிட்டே வந்தாள். ஆள்காட்டி விரலைக் கீழே காட்டிச் சுற்றினாள்.

இறக்கு.

அவர் இறங்கினார். முழங்கால் மடிந்தது, இடுப்பு தாழ்ந்தது. கண்ணாடிச் சரக்கை இறக்குகிற நிதானத்தோடு தன்னையே இறக்கினார். விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. முழங்கால் தரையில் பட்டு, தலை குனிந்து, அவள் நெஞ்சு உயரத்துக்கு வரும்வரை சுற்றியது. ஹெல்மெட்டின் அழுத்தத்தில் படிந்துபோன முடியும், நடுவில் லேசாக வழுக்கை விழ ஆரம்பித்த இடமும், அவள் கண்ணுக்கு நேர் கீழே வந்தன. பட்டாணி எம்பி நின்று, மேலேயிருந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் அந்தத் தலைமேல் வைத்தாள்.

"அம்மா! அப்பா வட்டமா இருக்காங்கம்மா!"

எழுந்திருக்கச் சொல்லி அவள் இன்னும் விரல் காட்டவில்லை. அவர் அப்படியே இருந்தார்.